ராதிகா: சீரியல் நாட்கள்

செப்டம்பர் 17, 2024

எம்.ஆர்.ராதா நினைவு நாள். 'ரத்தக்கண்ணீர்' மறுபடியும் பார்த்தேன். ஒரே வசனத்துக்குள் குரலைக் கட்டையாக்கி, கீச்சென்று ஏற்றி, சட்டென்று இறக்குகிறார் மனுஷன்! 1979-ல் அவர் மறைந்தபோது, மகள் ராதிகா 'கிழக்கே போகும் ரயில்' மூலம் சினிமாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அண்ணன்கள் எம்.ஆர்.ஆர்.வாசு, ராதாரவி, பின்னால் தங்கை நிரோஷா என்று குடும்பமே நடிப்புக் குடும்பம். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு ராதிகா என்றால் சீரியல்தான்.

செப்டம்பர் 18

அம்மாவிடம் போனில் 'சித்தி' பேச்சு வந்தது. 1999 கடைசியில் சன் டிவியில் ஆரம்பித்து 2001 வரை ஓடியது. "டைட்டில் பாட்டு கேட்டா அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்துருவேன். சிவகுமாரே சீரியலுக்கு வந்துட்டாரேன்னு உங்கப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்" என்றாள். நம் கதைகளில் சித்தி என்றாலே கொடுமைக்காரிதான். சாரதா, கணவரின் மகளைத் தன் மகளாகவே வளர்த்தவள். அந்தப் பாத்திரத்தை ராதிகா அழுதே ஒப்பேற்றவில்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை கண்ணைப் பார்த்தபடி காத்திருந்து, பிறகு நிதானமாகப் பதில் சொல்வார். அம்மாவுக்குப் பிடித்ததும் அந்த நிதானம்தான்.

செப்டம்பர் 21

அவர் நடிப்பைப் பேசுகிற அளவுக்கு அவர் நடத்திய தொழிலை யாரும் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் சன் டிவியில் சீரியல் போட வேண்டுமென்றால், ஒளிபரப்பு நேரத்துக்குத் தயாரிப்பாளர்தான் பணம் கட்ட வேண்டும். விளம்பரம் பிடித்துப் போட்ட காசை எடுப்பதும் அவர் பாடு. ரேட்டிங் விழுந்தால் கைக்காசு போகும். கதாநாயகிகளை வயது கொஞ்சம் ஏறியதுமே அக்கா, அண்ணி வேஷத்துக்குத் தள்ளிவிடும் ஊரில், ராதிகா ராடான் நிறுவனத்தின் முதலாளியாக அந்த ரிஸ்க்கை எடுத்தார். 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று வரிசையாகக் கதையின் நடுவில் நின்றார். தயாரிப்பு அவருக்குப் புதிதும் அல்ல. 1985-லேயே 'மீண்டும் ஒரு காதல் கதை' எடுத்தவர். சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அப்பா பெயரால் வாசல் திறந்திருக்கலாம். இத்தனை வருஷம் இரவு நேரத்தைக் கையில் வைத்திருந்தது அவருடைய உழைப்பு.

செப்டம்பர் 24

'வாணி ராணி' பழைய எபிசோடுகள். 2013-லிருந்து 2018 வரை ஓடியது. நடுவில் இழுவைதான், மறுக்கவில்லை. ஆனால் ராதிகாவே இரட்டை வேடத்தில் நடித்த வக்கீல் வாணியும் குடும்பத்தலைவி ராணியும் எதிரெதிரே நிற்கும்போது இரண்டு பேராகவே தெரிகிறார்கள். வாணி கேள்வியை வெட்டிக் கேட்கிறாள், ராணி அதே குரலில் இழுத்துப் பேசுகிறாள்.

2020-ல் வந்த 'சித்தி 2'-இலிருந்து அரசியலுக்காக அவர் பாதியில் விலகியது எனக்கு இன்னும் வருத்தம். அவர் இல்லாமலும் அது 2022 வரை ஓடியது, நான் பார்க்கவில்லை. இப்போது அம்மா, நிரோஷா கோமதியாக நடிக்கும் 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' பார்க்கிறாள். நாளையிலிருந்து நானும் பார்க்கப்போகிறேன்.