ஜன்னல் குறிப்புகள்: தாம்பரம் பக்கம் ஒரு தரைத்தள வீடு

மே 27, திங்கள்

கட்டுவேலை சில் (ஜன்னலின் கீழ்விளிம்பு) மட்டத்துக்கு வந்துவிட்டது. ஜன்னல் எந்தக் கம்பெனி என்று வீட்டுக்காரர்கள் பூச்சுக்குப் பிறகுதான் யோசிப்பார்கள். பாதி முடிவு இன்றைக்கே சுவரில் ஏறிவிடுகிறது.

சில் உயரம் மூன்றடி என்றால் டைல்ஸ் போட்ட தரையிலிருந்து மூன்றடி. கொத்தனார் பெல்ட் பீம் (அஸ்திவாரத்தின் மேல் ஓடும் காங்கிரீட் பட்டை) மேலிருந்து டேப் பிடித்தால், பின்னால் தரை காங்கிரீட்டும் டைல்ஸும் ஏறி, மீதி இரண்டே முக்கால் அடிதான் நிற்கும். முடிந்த தரையின் மட்டத்தை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து எல்லா அறைச் சுவரிலும் கோடு போட்டாயிற்று. இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து.

சமையலறைக்கு மட்டும் மூன்றரை அடி. மேடை 2 அடி 10 அங்குலம்; அதற்கு மேல் ஒரு வரி டைல்ஸாவது வேண்டும். இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர் ஜன்னல் தண்டவாளத்தில்தான் தெறிக்கும். கழிவறை வென்டிலேட்டர் இரண்டுக்கு ஒன்றரை அடி. அடிமட்டம் ஐந்தரை அடி.

மே 29, புதன்

அளவு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரப்பதமும் வெப்பமும் உள்ள பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. கதவு இதில் சேராது. 10க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. 20 சதுர அடி வேண்டும். ஒரு 5க்கு 4 ஜன்னல் போதும், காகிதத்தில்.

அதே ஜன்னலை ஸ்லைடிங்காகப் போட்டால் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். காற்று வரும் வழி 10 சதுர அடிதான். வெளியே திறக்கும் கேஸ்மென்ட் என்றால் ஏறக்குறைய முழுதும் திறக்கும். எதிர்ச் சுவரிலோ பக்கச் சுவரிலோ இன்னொரு திறப்பு இல்லாத அறையில் ஜன்னலை எவ்வளவு பெரிதாக்கினாலும் காற்று ஓடாது. அதனால் பின் படுக்கையறையில் ஒரே 6க்கு 4-ஐ விட்டுவிட்டு, இரண்டு சுவரில் இரண்டு 3க்கு 4.

ஜூன் 10, திங்கள்

லிண்டல், சன்ஷேடு. லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டம், இருபக்கமும் குறைந்தது ஆறு அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். அடிமட்டம் ஏழடி.

தெற்குச் சுவருக்கு இரண்டடி சன்ஷேடு (ஜன்னலுக்கு மேல் வெளியே நீளும் பலகை) நன்றாக வேலை செய்யும். சென்னை 13 டிகிரி அட்சரேகை. டிசம்பர் கடைசியில்கூட நண்பகல் சூரியன் ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது இரண்டடி நீட்டலின் நிழல் இரண்டே முக்கால் அடி இறங்கும். மேற்கில் இந்தக் கணக்கு செல்லாது. நாலரை மணி வெயில் படுத்துக்கொண்டு வரும். மூன்றடி நீட்டினாலும் நேராக உள்ளே. அந்தப் பக்கம் மாடிப்படியும் கழிவறையும் போனது நல்லதாயிற்று.

சன்ஷேடின் அடிப்பக்கம், விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல அகலத்தில் ஒரு காடி (பள்ளக்கோடு) ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அடிப்பக்கத்தை ஒட்டியே ஊர்ந்து ஜன்னல் தலைக்கு வந்துவிடும். பூச்சுக்காரர் மறக்கிற முதல் விஷயம் இதுதான்.

ஜூன் 14, வெள்ளி

ஜன்னல் சட்டம் மரமா, யுபிவிசியா (கெட்டிப் பிளாஸ்டிக்)? மரம் என்றால் இப்போதே நிலை வர வேண்டும்: 4க்கு 3 அங்குலச் சட்டம், பக்கத்துக்கு மூன்று ஹோல்டுபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை), சுவரில் படும் முகத்துக்கு முன்கூட்டியே தார் பூச்சு. தேக்கோ வேங்கையோ, வைரம் பாய்ந்த பகுதிதானா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் வெள்ளை இருந்தால் பூச்சி அங்கேதான் ஆரம்பிக்கும். பாலிஷ் அடித்த பிறகு வெள்ளை தெரியாது. வெறும் மரமாக வாங்குவதே சரி.

இங்கே யுபிவிசி என்று முடிவு. சாம்பிள் துண்டை வாங்கி, வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும்: உள்ளே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் இருக்கிறதா, எவ்வளவு கனம். காலிக் குழாய்ச் சட்டம் ஐந்தடி அகலத்தில் காற்றுக்கு வளையும். ஹாலோ பிளாக் சுவராதலால் ஸ்க்ரூ வரும் இடங்களில் ஓட்டையை காங்கிரீட் போட்டு அடைக்கச் சொல்லியாயிற்று.

ஏசி அறைக்குக் கேஸ்மென்ட்: ரப்பர் கேஸ்கெட் நன்றாக அடைக்கும். ஸ்லைடிங்கில் இருப்பது பிரஷ். தூசியும் குளிர்காற்றும் கசியும். ஆனால் கேஸ்மென்டில் கண்ணாடி வெளியே, கிரில் நடுவில், கொசுவலை உள்ளே என்று அடுக்கு. வலையைத் திறந்து, கிரில் வழியே கையை விட்டால்தான் கைப்பிடி கிடைக்கும். கைப்பிடி வரும் இடத்தில் கிரில் இடைவெளியை ஆறு அங்குலமாக்க வேண்டும். மற்ற இடத்தில் நாலு. ஒரு படுக்கையறையிலாவது உள்ளிருந்து திறக்கிற கிரில் வேண்டும், தீ விபத்து என்றால் வெளியேற.

ஆகஸ்ட் 19, திங்கள்

பூச்சு காய்ந்தது, அளவெடுப்பு. ஐந்தடி ஜன்னல்: மேலே 1497 மி.மீ., நடுவில் 1492, கீழே 1499. கட்டும்போது விட்டது 1524. பூச்சுக்கு முன்பே ஆர்டர் கொடுத்திருந்தால் சுவரை உடைக்க வேண்டியதுதான். குறைந்த அளவில் 10 கழித்து 1482 ஆர்டர். இரண்டு பக்கமும் 5 மி.மீ. சும்மா விடுவதில்லை, ஒன்றரை மீட்டர் யுபிவிசி, 30 டிகிரி சூடு ஏறினால் 3 மி.மீ. நீளும்.

மூலைக்கு மூலை அளவும் எடுக்க வேண்டும். ஹால் ஜன்னலில் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் வித்தியாசம் 11 மி.மீ. கொத்தனார் ஒரு பக்கத்தைச் செதுக்கித் திரும்பப் பூசுகிறார்.

செப்டம்பர் 12, வியாழன்

பொருத்தம். மூலையிலிருந்து 150 முதல் 200 மி.மீ.யில் முதல் ஸ்க்ரூ, பிறகு 600-க்கு மிகாமல். ஸ்லைடிங்கின் கீழ்த் தண்டவாளத்தில் துளையிட்டால் ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் சிலிக்கான். இல்லாவிட்டால் அந்தத் துளை வழியே சுவருக்குள் தண்ணீர். சட்டத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைப் பெயின்ட் முடியட்டும் என்று விட்டுவைக்கிறார்கள். வெயிலில் பசை வெந்துபோனால் பிறகு நகத்தால் சுரண்ட வேண்டும்.

அக்டோபர் 4, வெள்ளி

ஐப்பசி மழைக்கு முன் ஹோஸ் சோதனை, கிழக்கு, வடக்கு ஜன்னல்களில். வடகிழக்குக் காற்று சாரலைக் கொண்டு அறைவது அங்கேதான். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து அடித்தால் எங்கே கசிகிறது என்று தெரியாது.

பத்து நிமிடத்தில் வடக்கு ஜன்னல் தண்டவாளம் நிரம்பி உள்பக்கம் வழிந்தது. கண்ணாடியிலோ ரப்பரிலோ கோளாறு இல்லை. வெளிப்பக்கம் தண்ணீர் இறங்கும் இரண்டு சின்னத் துளைகளையும் சேர்த்துச் சிலிக்கான் போட்டுவிட்டார்கள். பிளேடால் கீறி, ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் கலங்கலாக மண்ணும் சிமென்ட்டும் கொட்டியது. இரண்டாவது முறை உள்ளே ஒரு சொட்டு இல்லை. கிழக்கு ஜன்னலில் சில் கிரானைட் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைப் பெயர்த்து, வெளிப்பக்கம் அரை அங்குலச் சரிவோடு திரும்பப் பதிக்க வேண்டும், திங்கட்கிழமை.