எழுபதாவது புளியங்கொட்டை

மே மாதத்தில் ஒரு வாரம் விடுப்பு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தபோது, எங்கள் மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்களுக்கு லீவு விட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் கையெழுத்துப் போட்ட வேகத்திலேயே அவருடைய அனுதாபம் தெரிந்தது.

நான் செகண்ட் லைன் பீச்சில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் குப்பை கொட்டுகிறவன். துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்கை இலவசமாகக் கொடுக்கப்பட்ட நாட்களுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால், அதன் பிறகு கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் கட்டவேண்டும். அதற்கு டெமரேஜ் என்று பெயர். பள்ளிக்கூடம் மூடிய நாளிலிருந்து எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே கணக்குதான். முதல் மூன்று நாட்கள் இலவசம். பிள்ளைகள் தாமாகவே விளையாடினார்கள், தாமாகவே தூங்கினார்கள். நான்காம் நாள் காலை 7 மணி 10 நிமிடத்துக்கு, பல்கூடத் துலக்காத வாயோடு சின்னவன் என் கட்டிலருகே வந்து நின்று, "அப்பா, போர் அடிக்குது" என்றான். மீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது.

என் மனைவியின் அலுவலகத்தில் அப்போது தணிக்கை நடந்துகொண்டிருந்ததால், அவளுக்கு அடுத்த வாரத்திலிருந்துதான் விடுப்பு. ஆகவே அந்த வாரத்துக்கு 10 வயது மகளையும் 6 வயது மகனையும் நான் ஒருவனே கட்டி மேய்க்கவேண்டும் என்று ஏற்பாடு. அலுவலகப் பழக்கத்தில் ஒரு நேர அட்டவணை தயாரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலையில் கதைப் புத்தகம், பிறகு ஓவியம், அக்னி நட்சத்திர வெயில் ஏறும் நேரத்தில் பரமபதம், மாலையில் மொட்டை மாடி. 9 மணி வரை நடக்கவேண்டியவை அனைத்தும் 7 மணி 40 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. பரமபதத்தில் பெரிய பாம்பின் வாயில் சிக்கிய சின்னவன் கீழே இறங்க மறுத்துவிட்டான். அது சாரைப்பாம்பு என்றும், சாரைக்கு விஷம் கிடையாது என்றும், ஆகவே அது கடித்ததற்காகத் தான் இறங்கவேண்டிய அவசியமில்லை என்றும் வாதாடினான். சாரைக்கு விஷம் கிடையாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான் என்பதால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

கேரம் பலகையையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வடசென்னையில் கேரம் விளையாடத் தெரியாத பிள்ளை என்றால் ஊர் சிரிக்கும். ஆனால் 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கப் பதக்கம் வென்ற காசிமா எங்கள் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் என்று தெரிந்த நாளிலிருந்து, பெரியவள் கேரத்தைப் பொழுதுபோக்காகப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவளுக்கு அது இப்போது பயிற்சி. பயிற்சியின்போது தம்பி ஸ்டிரைக்கரைத் தொடக்கூடாது. கீழே விழும் காய்களை எடுத்துக் கொடுக்கலாம், பவுடர் தூவலாம். அரை மணி நேரத்தில் காய் ஒரு வண்ணம், தரை ஒரு வண்ணம் என்ற வேறுபாடே இல்லாமல் வீடு முழுக்க வெள்ளையாகிவிட்டது.

மறுநாள் மெட்ரோ ரயில். குளிர்சாதனம் இருக்கிறது, செலவும் அதிகமில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கலாம் என்று ஆசை காட்டி, தண்டையார்பேட்டையில் ஏற்றி விமான நிலையம் நோக்கி அழைத்துச் சென்றேன். நான் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். தண்டையார்பேட்டையிலிருந்து தெற்கே சைதாப்பேட்டை தாண்டும் வரை அந்த ரயில் பூமிக்கு அடியிலேயே போகிறது. மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் என்று அறிவிப்பு வந்ததே தவிர, கண்ணாடியில் தெரிந்தவை இருட்டும் எங்கள் மூவரின் முகங்களும்தான். தேனாம்பேட்டையில் சின்னவன், "ஊரு எப்பப்பா வரும்?" என்று கேட்க, எதிர் இருக்கையில் இருந்தவர் சிரிப்பை அடக்கக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். வடக்குப் பக்கம், விம்கோ நகர் நோக்கிப் போயிருந்தால் பாதை மேம்பாலத்தில் போகும். மொட்டை மாடிகளில் காயும் துணிகளையாவது பார்த்திருக்கலாம். 2021 பிப்ரவரியில் அந்தப் பாதை திறந்ததிலிருந்து அதில் எத்தனையோ முறை போய் வந்தவனுக்கு இது தோன்றாமல் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்றாம் நாள் சரித்திரம். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போய், அந்தத் தூண்களின் எதிரே நிற்க வைத்து, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது, அப்போது சென்ட்ரல் நிலையமே கிடையாது என்று குரலில் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். பெரியவள் பூனைக்குட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ரயில்ல சின்னப் பசங்களுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றான்.

இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. மனைவியின் ஊர் திருநெல்வேலி. கோடை விடுமுறைக்கு அங்கே போகவேண்டுமானால் 60 நாட்களுக்கு முன்பே, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும் அந்தக் கணத்தில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கவேண்டும். மார்ச் மாதமே அப்படி உட்கார்ந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பிடித்தேன். 5 வயதுக்குக் கீழே என்றால் டிக்கெட்டே வேண்டாம். 5 வயது ஆகி 12 ஆகாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்றால் பாதி. அப்பாவோடு ஒட்டிக்கொண்டு படுக்கும் பிள்ளைக்குப் படுக்கை எதற்கு என்று சிக்கனமாக யோசித்து, அவனுக்கு அரை டிக்கெட் எடுத்தேன். அக்காவுக்கு முழுசு, தனக்கு அரை என்பது தெரிந்த நாளிலிருந்து அவன் மனத்தில் அது ஆறாத புண். ஆகவே சரித்திரத்திடம் நியாயம் கேட்டான். 1856ஆம் ஆண்டின் கட்டண விவரம் எனக்குத் தெரியாது. வாயை அடைப்பதற்காக வழியில் அத்தோ வாங்கிக் கொடுத்தேன். முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் நூடுல்ஸும் சேர்த்துக் கடைக்காரர் கையாலேயே பிசைவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு, வாழைத்தண்டு சூப்பை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அந்த வாரத்தில் எனக்கு நிம்மதியாகக் கழிந்த இருபது நிமிடங்கள் அவை.

வெள்ளிக்கிழமை இரவு, மனைவியும் சேர்ந்துகொள்ள, ரயில். இவ்வளவு அனுபவம் பெற்றவன் வெறுங்கையோடு ஏறுவேனா? கைப்பேசியைக் கொடுப்பதில்லை என்று சபதம் செய்திருந்ததால், என் அம்மாவின் பல்லாங்குழியை எடுத்து வைத்திருந்தேன். மீன் வடிவத்தில் செய்த மரப்பலகை. நடுவில் கீல் இருக்கும். மடித்தால் பெட்டி போல மூடிக்கொள்ளும், காய்கள் உள்ளேயே கிடக்கும். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. ஆட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று அம்மா போட்ட சட்டத்தை என் பிள்ளைகள் வேதமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

தாம்பரம் தாண்டும் வரை ஆட்டம் அருமையாகப் போயிற்று. குழியில் 4 காய் சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர்; குழிக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துக்கொள்ளலாம். சின்னவனுக்கு அன்று யோகம். வரிசையாகப் பசு விழுந்தது. மூன்றாவது பசு விழுந்தபோது அவன் உச்சக் குரலில், "பசு! பசு!" என்று கத்த, மேல் படுக்கையில் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த பெரியவர் அலறியடித்து எழுந்து, "அடிச்சிட்டானா? வண்டி எவ்வளவு நேரம் நிக்குமாம்?" என்று கேட்டார். ரயில் பசுவின்மீது மோதவில்லை, பசு பல்லாங்குழியில்தான் விழுந்தது என்று நான் விளக்கிச் சொன்னபோது, அவர் என்னைப் பார்த்த பார்வையில் பசு அடிபட்டிருந்தாலே தேவலை என்ற எண்ணம் இருந்தது.

செங்கல்பட்டு தாண்டியதும் மணி 10 ஆகிவிட்டது. நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டவேண்டும், எல்லோரும் எழுந்திருங்கள் என்று ஆளுக்கு ஆள் அவசரப்படுத்த, நான் பலகையைக் காய்களோடு மடித்துக் கொண்டியைப் போட்டேன். போட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா காலத்துக் கொண்டி அது. இரண்டு முறை அழுத்தினால்தான் பிடிக்கும். படுக்கைச் சங்கிலியை மாட்டுவதற்காகக் கையை உயர்த்தியபோது கக்கத்தில் இருந்த பல்லாங்குழி வாய் பிளந்து, ஆலங்கட்டி மழை போல 70 கொட்டைகளும் பெட்டியின் தரையில் கொட்டின. ஓடுகிற வண்டியில் புளியங்கொட்டை ஒரே இடத்தில் நிற்குமா? பாதி கழிப்பறைப் பக்கமும் பாதி எதிர்ப் பக்கமும் உருண்டன.

சின்னவன் அழவில்லை. முதலில் எண்ணவேண்டும் என்றான். அடுத்த நாற்பது நிமிடம் எஸ் 6 பெட்டியின் எங்கள் பகுதியில் ஒருவரும் உறங்கவில்லை. கைப்பேசி விளக்குகளைப் பிடித்துக்கொண்டு, கல்லூரிப் பையன்கள் இருவர் தரையில் படுத்தே விட்டார்கள். பக்கவாட்டுப் படுக்கைக்காரர் தம் டிரங்குப் பெட்டியை நகர்த்திக் கொடுத்தார். பசு அடிபட்டதாகப் பயந்த பெரியவரும் இறங்கி வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 6 கொட்டை கண்டெடுத்தார். அதை எல்லோரிடமும் சொன்னார். டிக்கெட் பரிசோதகர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதும், நகை எதுவும் தொலையவில்லை என்று அவரை நம்ப வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் பெரியவள் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணியபோது 69 இருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஷார்ட் லேண்டிங் என்று பெயர். பட்டியலில் இருக்கும், கப்பலிலிருந்து இறங்கியிருக்காது. கடிதம் எழுதிக் கோப்பில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் சின்னவன் கடிதத்துக்கு மசியவில்லை. அப்போதுதான் அழத் தொடங்கினான்.

எதிரே கீழ்ப் படுக்கையில் கோவில்பட்டிக்குப் போகும் ஓர் ஆச்சி இருந்தார். சென்னையில் இருக்கும் மகனுக்கென்று ஊரிலிருந்து கொட்டை எடுக்காத புதுப்புளி 5 கிலோ சுமந்து வந்தாராம். மருமகள், "இவ்வளவு எதுக்கு அத்தை?" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். ஏறியதிலிருந்து இரண்டு முறை இந்தக் குறையை நாங்கள் கேட்டிருந்தோம். மூன்றாவது முறையாகவும் அதைச் சொல்லிக்கொண்டே பையை அவிழ்த்து, ஒரு சுளையைப் பிதுக்கிக் கொட்டையை எடுத்து, முந்தானையில் துடைத்து, "இந்தா ராசா, இதுக்கா அழுத?" என்று நீட்டினார். 70. பெட்டியே பெருமூச்சு விட்டது. அரை டிக்கெட்காரன் என் படுக்கையில் முக்கால் இடத்தை எடுத்துக்கொண்டு, காலை என் வயிற்றின்மேல் போட்டுத் தூங்கினான்.

விடிந்ததும் கோவில்பட்டியில் ஆச்சி இறங்கிவிட்டார். வண்டி கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து நான் ஷூவை மாட்டினேன். குதிகாலில் ஏதோ உறுத்தியது. கழற்றித் தட்டினால் கறுப்பாக, வழவழவென்று, நாற்பது ஆண்டு விளையாடித் தேய்ந்த அசல் எழுபதாவது கொட்டை விழுந்தது. மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் சின்னவன் பார்த்துவிட்டான். 71. எக்ஸஸ் லேண்டிங். இது ஷார்ட் லேண்டிங்கைவிடத் தொல்லை பிடித்தது, ஏனென்றால் சரக்கு கையில் இருக்கும், உரிமையாளர் இருக்கமாட்டார். 71ஐ 14 குழியில் சமமாகப் போட முடியாது என்று அவன் மறுபடியும் அழுதான். ஆச்சியிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும், வண்டியை நிறுத்து என்றான். கடைசியில் பெரியவள்தான் புளி ஒட்டிக்கொண்டிருந்த புதுக்கொட்டையைப் பொறுக்கி எடுத்து, "இத தாத்தா வீட்ல நட்டுடலாம்டா" என்று வழக்கை முடித்தாள்.

நான் இரண்டு நாளில் தனியாகச் சென்னை திரும்பிவிட்டேன். அதன் பிறகு நாள்தோறும் இரவு தொலைபேசி வரும். தண்ணீர் ஊற்றினானாம். எறும்பு வந்ததாம். தாத்தாவின் சேவல் கிளறிவிடாமல் இருக்கத் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருக்கிறானாம். ஒரு நாள் தோண்டிப் பார்த்தானாம். அதற்காகப் பாட்டி திட்டினாராம். பதினோராவது நாள் தொலைபேசியை எடுத்ததும் மூச்சிரைக்க, "வந்துடுச்சுப்பா, கொட்டையத் தலையில வச்சுக்கிட்டே வந்துடுச்சு" என்றான். அந்த மூன்று வாரத்தில் போர் அடிக்கிறது என்ற சொல் அவன் வாயிலிருந்து ஒரு முறைகூட வரவில்லை என்று மனைவி சொன்னாள். என் அட்டவணை இங்கே குளிர்பதனப் பெட்டியின் கதவில் தனியே தொங்கிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் நான் போய் அழைத்துக்கொண்டு, நால்வரும் சென்னை திரும்பும்போது, அவன் கௌரவத்தை முன்னிட்டு அவனுக்கும் முழு டிக்கெட் எடுத்திருந்தேன். நிலையத்துக்கு அவன் வெறுங்கையோடு வரவில்லை. பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் தாமிரபரணி மண். அதில் விரலளவு புளியங்கன்று. தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி வீட்டில் புளியமரத்தை எங்கே வைப்பது என்று கேட்க வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, "இதுக்கு டிக்கெட் எடுக்கலையேடா" என்றேன்.

"அதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகலப்பா" என்றான். முழுக் கட்டணம் கட்டி வாங்கிய தன் படுக்கையில், தலையணைக்கு அருகே பாட்டிலைச் சாய்ந்துவிடாமல் வைத்துப் போர்வையால் அணைகட்டினான். பிறகு வழக்கம்போல என் படுக்கையில் வந்து ஏறிக்கொண்டான்.