இயலுக்கு ஒரு கோப்பு

தமிழ்த்துறை ஆய்வாளர்கள் எங்கள் டிடிபி கடைக்கு வந்தால், பென் டிரைவில் ஆய்வேட்டின் இயலுக்கு ஒரு கோப்பு இருக்கும். “எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துக் குடுங்கக்கா, சாயங்காலம் பைண்டிங் போகணும்” என்பார்கள். சேர்ப்பது சுலபம்தான். வேர்டில் இன்சர்ட், ஆப்ஜெக்ட், டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல். கூத்து அதற்கப்புறம்.

நான் முதலில் பார்ப்பது எழுத்துருவை. இரண்டு இயல் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் இருக்கும், பழைய எம்.ஃபில். ஏட்டிலிருந்து எடுத்தது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போடும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் எல்லாமே தமிழாகத்தான் தெரியும். ஆனால் பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து லதா என்ற யூனிகோட் எழுத்துரு கொடுத்தால் அந்த வேஷம் கலைந்து, இயல் முழுக்க ஆங்கில எழுத்தாக நிற்கும். அதனால் சேர்ப்பதற்கு முன்பே, என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவேன். வெறும் உரையாக ஒட்டி மாற்றும்போது நிஜ ஆங்கில மேற்கோள்களும் புரியாத தமிழாகிவிடும். அவற்றை முன்கூட்டியே தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டைல், அதாவது தலைப்பு, பத்தி ஆகியவற்றின் எழுத்துரு, அளவு எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேமித்து வைப்பது. இரு கோப்பிலும் ‘ஹெடிங் 1’ இருந்தால், எந்தக் கோப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோமோ அதன் அளவே செல்லுபடியாகும். நமக்கு அது நல்லதுதான். கையால் போல்டு, சைஸ் போட்டவைதான் மசியாது. கன்ட்ரோலும் ஸ்பேஸ்பாரும் அழுத்தினால் அது போய்விடும். கூடவே நூற்பெயர்களின் சாய்வெழுத்தும் போய்விடும்! ஆகவே தலைப்புகளில் மட்டும் செய்வேன்.

ஸ்டைலில் 14 கொடுத்தும் தமிழ் மட்டும் 11-லேயே நிற்கிறதா? தமிழை வேர்டு ஆங்கிலத்தோடு சேர்க்காமல் ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. ஃபான்ட் பெட்டியில் அதற்குத் தனி இடம் உண்டு. அங்கேயும் மாற்ற வேண்டும்.

விளிம்பும் பக்கத் தலைப்பும், கோப்பைப் பகுதிகளாகப் பிரிக்கும் செக்‌ஷன் பிரேக்கில் ஒட்டிக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் ‘நெக்ஸ்ட் பேஜ்’ பிரேக் ஒன்று போட்டபின் சேர்த்தால் அவை கூடவே வரும். பிறகு, முந்தைய பகுதியின் பக்கத் தலைப்பையே தொடரவைக்கும் ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ சரிபார்த்து, பக்க எண் ஒவ்வோர் இயலிலும் 1-இலிருந்து தொடங்காமல் ‘கன்டின்யூ’ கொடுக்க வேண்டும்.

பொருளடக்கத்தை அப்டேட் செய்து பிடிஎஃப் ஆக்கிய பிறகுதான் பிரிண்ட். வேர்டாகவே கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வரி தள்ளிப்போய்ப் பக்க எண்ணெல்லாம் பொய்யாகிவிடும்.