தாள் தாளாகத் திருத்தாதீர்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தாள்கட்டு நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு பிரிவு எடுக்கிறவர்களுக்கு விடுமுறையே அதில்தான் போகும். பத்தாம் வகுப்புத் தமிழுக்குப் புதிதாக வந்திருக்கிற ஆசிரியர்கள் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், கடலூரில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு தாளை எடுத்து முதல் வினாவிலிருந்து கடைசி வரை திருத்தாதீர்கள். ஒரு வினாவை எடுத்துக்கொண்டு எல்லாத் தாளிலும் அதைமட்டும் திருத்துங்கள். ஒரு மதிப்பெண் வினா 15தான், நாலைந்து தாள் தாண்டினால் விடைக்குறிப்பு மனப்பாடமாகிவிடும், கை தானாக ஓடும். நேரம் மிச்சமாவது ஒரு பக்கம். எனக்கு அதைவிட முக்கியம், முதல் தாளில் ஐந்துக்கு நான்கு போட்ட கை, சலித்துப்போன பிறகு அதே விடைக்கு இரண்டரை போடக் கூடாது. அப்புறம், முன்பக்கம் கிறுக்கலாக இருந்த பிள்ளை நெடுவினாவை நன்றாக எழுதியிருந்தாலும், தாளை ஒரே மூச்சில் திருத்தினால் நம் மனசு ஒன்றிரண்டைக் குறைத்துவிடும்.

நெடுவினா மூன்றும் சேர்ந்து 24 மதிப்பெண். அதைத் தூக்கக் கலக்கத்தில் தொடவே தொடாதீர்கள், விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து எழுதும் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ பகுதியும் அப்படித்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பையன் ஒருவன் கடற்கரைப் படத்துக்கு, “அப்பா காயப்போட்ட வளையில் வெயில் மாட்டிக்கிச்சு” என்று எழுதியிருந்தான். ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் பார்த்தால் ‘வளை’யைச் சுழித்து இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டுப் போய்விடுவோம். காலையில்தான் அந்த வலையும் வெயிலும் கண்ணுக்குத் தெரிகின்றன.

பிழை எல்லாவற்றையும் சுழிக்க வேண்டாம். தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் படிக்காது, மொத்தத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துவிடும். ஒரு தாளில் ஒரு வகைப் பிழையைமட்டும் காட்டுங்கள், ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். கூட்டலை அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள், நம்மைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள்.

இவ்வளவு செய்தாலும் நேரம் போதாது என்பதுதான் உண்மை. தேர்வறைக் கண்காணிப்பு, பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மதிப்பெண் ஏற்றுவது எல்லாம் அதே வாரத்தில் வந்து விழுகின்றன. பண்ருட்டிப் பேருந்தில் தாள்கட்டை மடியில் வைத்துத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வு நாட்களில் கண்காணிப்பு இல்லாத வேளையையாவது திருத்துவதற்கென்று விட்டுக்கொடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் எல்லோரும் சேர்ந்தே கேட்கலாம்.