சைபருக்கு இந்தப் பக்கம்: மார்கழி நாட்குறிப்பு

மார்கழி 3

அடுத்த வீட்டுப் பிள்ளை கிராஃப் நோட்டோடு வந்தாள், ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ மக்கு என்று சொல்லிவிட்டார்களாம், முகம் சுண்டிப்போயிருந்தது.

(-3, 2) குறிக்கச் சொன்னேன். சரியாகத்தான் வைத்தாள். அடுத்து (-1, 2) கேட்டேன். பென்சில் நேராகத் தாளின் ஓரத்துக்குப் போனது. அப்புறம்தான் எக்ஸ் அச்சை, அதாவது குறுக்கே போகும் எண்கோட்டைப் பார்த்தேன். இடது ஓரத்தில் -1 என்று தொடங்கி -2, -3, -4 என எழுதி, ஆதிப்புள்ளிக்கு, அதாவது இரண்டு அச்சும் வெட்டும் சைபருக்குப் பக்கத்தில் -5 போட்டிருக்கிறாள். இடமிருந்து வலம் எழுதிப் பழகிய கை. ஐந்தில் நடுவில் இருப்பதால் -3 மட்டும் தப்பித்துவிட்டது. விடை சரி என்று டிக் போட்டு அனுப்பியிருந்தால் இந்தப் பிழை எனக்குத் தெரிந்தே இருக்காது.

மார்கழி 4

பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு, திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகிற ஆற்றுப் பாலம் தெரியாதா? "சுலோச்சன முதலியார் பாலத்து நடுவுல நிக்கே. அதுதான் சைபர். நம்ம வீட்டுப் பக்கம் பிளஸ், ஜங்ஷன் பக்கம் மைனஸ். ஜங்ஷன் பக்கமா மொத எட்டு வச்சா?"

"மைனஸ் ஒண்ணு."

சொன்ன கையோடு ரப்பரைத் தேடினாள்.

மார்கழி 6

விடிகாலை வாசலில் 11 புள்ளி, 11 வரிசை நேர்ப்புள்ளி வைத்தேன். ஒற்றைப்படை என்பதால் நட்டநடுவில் ஒரு புள்ளி கிடைக்கும், அதுதான் ஆதி. நாலு பக்கமும் ஐந்தைந்து. வீட்டுப் பக்கம் மேலே, தெருப் பக்கம் கீழே.

(-2, -4) என்றேன். நடுப்புள்ளியில் விரலை வைத்து "ஒண்ணு" என்றாள். போய் நின்ற இடம் (-1, -3).

"அத்தே, சைபரையும் சேத்து எண்ணக் கூடாதா?"

"நிக்கிற எடத்த எட்டுன்னு எண்ணுவியாட்டி?"

மார்கழி 7

மக்கு என்ற சொல் இன்னும் உறுத்துகிறது. கி.பி. 628-லேயே நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்ணை (மைனஸ் எண்ணை) கடனாக வைத்துக் கணக்கு விதிகள் எழுதிவிட்டார். ஆனாலும் 1637-ல் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் வெளியிட்ட வடிவியல் நூலில், இன்று நாம் போடுவதுபோல இடமும் கீழும் நீளும் குறை அச்சுகள் கிடையாது. இரண்டு அச்சும் தாளைப் பிரிக்கும் நாலு கால்பகுதிகளையும் நியூட்டன் தயங்காமல் பயன்படுத்திய கட்டுரை வெளியானது 1704-ல். அத்தனை பெரியவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்ததை ஒரு பிள்ளை ஒரே பீரியடில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்!

மார்கழி 9

இன்று புள்ளி வைத்தது அவள்தான். (4, 3)-ல் சிவப்புப் பொடி தூவினாள். எக்ஸ் குறியை மட்டும் மாற்றி (-4, 3), அப்புறம் (-4, -3), (4, -3). நாலு மூலையும் ஒன்றுக்கொன்று மடித்து வைத்ததுபோல விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு தெரு ஓரத்து நடுப்புள்ளியைக் காட்டினாள். "இது (0, -5) தானே? இது எந்தக் கால்பகுதி, அத்தே?"

"எதுலயும் இல்லட்டி. அச்சு மேலயே இருக்கு."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள்.