பிஐ பிளானிங் முடிந்தது, பட்ஜெட் அசையவில்லை

வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைக்கு எங்கள் டீம்கள் பழகி வருடக்கணக்காகிறது. ஸ்பிரின்ட் (ஒரு வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்), ரெட்ரோ (சுற்று முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) எதிலும் சிக்கல் இல்லை. பல டீம்களை ஒருங்கிணைக்கும் சேஃப் (SAFe) முறையில், அடுத்த இரண்டு மூன்று மாத வேலையை எல்லா டீம்களும் சேர்ந்து திட்டமிடும் பிஐ பிளானிங் நடத்தப் போனபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

இரண்டு நாள் கூட்டத்துக்கான ஏற்பாடெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் வணிகத் தரப்பில் முடிவெடுக்கும் பிசினஸ் ஓனர்கள் முதல் நாள் காலையில் பேசிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொரு டீமின் குறிக்கோளுக்கும் 1 முதல் 10 வரை வணிக மதிப்பு போட வேண்டியவர்கள் அவர்கள்தான். பதிலுக்கு வந்து உட்கார்ந்தவருக்கு அந்த அதிகாரம் இல்லை. எதைத் தள்ளிப்போடலாம் என்று சொல்ல ஆளில்லாததால் எல்லா வேலையும் திட்டப் பலகையில் ஏறியது. கடைசியில், திட்டம் நிறைவேறும் என்று எவ்வளவு நம்புகிறோம் என விரல் காட்டிச் சொல்லும் வாக்கெடுப்பில் பெரும்பாலானோர் ஐந்துக்கு இரண்டுதான் காட்டினார்கள். அந்த நேர்மைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதனால்தான் திட்டத்தைத் திரும்பப் போட வாய்ப்புக் கிடைத்தது.

புதிய திட்டத்தோடு நிதித்துறைக்குப் போனால் அடுத்த அடி. பணம் வருடத் தொடக்கத்திலேயே புராஜெக்ட் வாரியாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு டீமை வேறு வேலைக்கு மாற்றக்கூடக் கமிட்டி ஒப்புதல் வேண்டும். கமிட்டியோ மாதம் ஒரு முறைதான் கூடும். அதோடு, 'வடிவமைப்புக் கட்டம் முடிந்ததற்கான கையொப்பம் எங்கே?' என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். எங்கள் வேலையில் அப்படித் தனிக் கட்டமே கிடையாது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் பொறுமையாகக் கேட்டபோதுதான் அவர்கள் பக்கம் புரிந்தது. ஐஏஎஸ் 38 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி ஆராய்ச்சிக்கு ஆகும் பணம் அப்போதே செலவாக எழுதப்பட வேண்டும். உருவாக்கத்துக்கு ஆகும் பணத்தை, நிபந்தனைகள் பொருந்தினால், சொத்தாகக் காட்ட வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று தணிக்கையாளருக்குப் பதில் சொல்லத்தான் அந்தக் கையொப்பம். ஆராய்ந்து பார்க்கும் ஸ்பைக் வேலைகளைத் தனியாகவும், உருவாக்க வேலைகளை ஃபீச்சர் (ஒரு முழு வசதி) அளவிலும் ஜிரா என்ற வேலைப் பதிவு மென்பொருளில் குறித்துக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள்! ஃபீச்சருக்குள் வரும் சின்ன வேலைகளான ஸ்டோரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கு எழுதும் தொல்லையும் போயிற்று.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நிதித்துறை ஆளைத் திட்டமிடல் முடிந்தபின் தேடிப் போகாதீர்கள், ஆயத்தக் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். பிசினஸ் ஓனர் வர முடியாவிட்டால், மதிப்புப் போடும் அதிகாரம் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பாதுகாப்பு, டேட்டா போன்ற பொது டீம்கள் உங்கள் ரயிலில் (சேர்ந்து திட்டமிடும் டீம்களின் தொகுப்பில்) இல்லாவிட்டாலும் அறையில் இருக்க வேண்டும். எங்கள் பலகையில், ஒரு டீமின் வேலை இன்னொரு டீமை நம்பியிருப்பதைக் காட்டும் சிவப்பு நூல் பாதிக்கு மேல் அவர்களிடம்தான் போய் முடிந்தது. பணத்தைப் புராஜெக்டுக்கு ஒதுக்காமல், நிலையான டீம்களுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு இப்போதைக்கு ஒரு ரயிலுக்கு மட்டும் அந்த அனுமதி கிடைத்திருக்கிறது. அதன் முன்னுரிமையைக் காலாண்டுக்கு ஒரு முறை நாங்களே மாற்றலாம், கமிட்டி வேண்டாம்.