வளரும் கணுக்காலில் ஒரு கறுப்புக் கோடு

"இதோ, இந்தக் கோடுதானே முறிவு?" என்று கேட்காத பெற்றோரைக் காண்பது அரிது. குழந்தையின் கணுக்கால் எக்ஸ்ரேயில் அவர்கள் விரல் வைக்கும் இடம் பெரும்பாலும் எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டாகவே இருக்கும். டிபியா (உட்புறத் தடித்த எலும்பு), ஃபிபுலா (வெளிப்புற மெல்லிய எலும்பு) என்னும் இரண்டு கால் எலும்புகளின் கீழ்முனைக்குச் சற்று மேலே குறுக்காக ஓடும் அந்தப் பட்டை குருத்தெலும்பால் ஆனது. எலும்பைப் போலக் கதிர்களைத் தடுக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இல்லாததால், படத்தில் அது கறுப்பாக விழுகிறது. பெரியவர்களின் படத்தில் கறுப்புக் கோட்டைக் கண்டால் முறிவு என்று ஐயுறுவோம். குழந்தையின் படத்திலோ, இருக்க வேண்டிய கோடு இருக்கிறதா, அதன் அகலம் எங்கும் ஒரே சீராக உள்ளதா என்று பார்க்கிறோம்.

ஆகவே நான் முதலில் படிப்பது படத்தின் மூலையில் அச்சிட்டிருக்கும் வயதைத்தான். பிறந்த குழந்தைக்கு டிபியாவின் கீழ்முனை முழுவதும் குருத்தெலும்பாகவே இருக்கும்; ஏறத்தாழ ஆறாம் மாதத்தில்தான் அதற்குள் எலும்புப் புள்ளி தோன்றத் தொடங்கும். ஃபிபுலாவின் முனை இன்னும் சில மாதங்கள் பிந்தும். நன்கு நடந்து திரியும் வயதில், ஃபிபுலாவின் கோடு ஏறக்குறைய மூட்டின் மட்டத்திலும், டிபியாவின் கோடு அதற்கு மேலும் அமைகின்றன. டிபியாவின் கோட்டில் உட்புறமாக ஒரு சிறு மேடு எழும்பியிருப்பதைக் கண்டு பயிற்சி மருத்துவர்கள் திடுக்கிடுவதுண்டு. அது இயல்பான அமைப்பே.

அந்த மேட்டை ஒட்டிய நடுப்பகுதியில்தான் வளர்ச்சித் தட்டு முதலில் மூடத் தொடங்குகிறது என்பதை நான் ஒரு தவறின் வழியாகவே மறக்காமல் கற்றேன். பயிற்சிக் காலத்தில், விளையாடும்போது பாதம் திருகிக்கொண்ட 14 வயதுச் சிறுவனின் படத்தைச் சுளுக்கு என்று எழுதிவிட்டேன். நேர்முகப் படத்தில் ஃபிபுலாவின் நிழல் டிபியாவின் வெளி ஓரத்தின் மேல் படிந்திருந்தது. அந்த நிழலுக்குள் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு மூட்டுவரை இறங்கியதை நான் கவனிக்கவில்லை. மூத்த மருத்துவர் ஒன்றும் சொல்லாமல், பாதத்தைச் சற்று உள்நோக்கித் திருப்பி எடுத்த மார்ட்டிஸ் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். நிழல் விலகியது, கோடு பளிச்சென்று தெரிந்தது.

அது டில்லோ முறிவு. டிபியாவின் கீழ்த் தட்டு முதலில் நடுவிலும், பிறகு உட்புறமும், கடைசியாக வெளிப்புறமும் மூடுகிறது; இதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அந்த இடைக்காலத்தில் முன்பக்க வெளிமூலை மட்டும் இறுகாமல் நிற்கிறது. பாதம் வெளிப்புறமாகத் திருகும்போது, இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் தசைநார் அறுவதற்குப் பதிலாக அந்த மூலையையே பெயர்த்துக்கொண்டு போகிறது. இதே பருவத்தின் இன்னொரு முறிவான, மூன்று தளங்களில் ஓடும் ட்ரைபிளேன், முன்பக்கப் படத்தில் ஒரு வகையாகவும் பக்கவாட்டுப் படத்தில் வேறொரு வகையாகவும் தோன்றி ஏமாற்றும். இவ்விரண்டிலும் மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் அறுவைச் சிகிச்சையைக் கருத வேண்டியிருப்பதால், சி.டி. ஸ்கேன் கேட்கத் தயங்கலாகாது.

வளர்ச்சித் தட்டு முறிவுகளுக்குச் சால்ட்டரும் ஹாரிஸும் 1963-இல் வகுத்த ஐந்து வகைகளை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அதில் முதல் வகைதான் சங்கடமானது: முறிவு தட்டின் வழியாகவே ஓடுவதால், எலும்பு விலகாதவரை படம் சுத்தமாகத் தெரியும். வெளிக்கணு வீங்கி, படத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் "முதல் வகை முறிவு" என்று எழுதி மாவுக்கட்டுப் போடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இவர்களில் பெரும்பாலோருக்குத் தசைநார்க் காயமோ எலும்புக் கன்றலோதான் காணப்பட்டது. எனவே இப்போது நான் அந்தச் சொல்லை எளிதில் எழுதுவதில்லை. வலி எலும்பின் மேல் உள்ளதா, அதற்குக் கீழே தசைநாரில் உள்ளதா என்பதைப் பரிசோதித்தவரின் விரல் நுனி சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் வரும் எக்ஸ்ரே கோரிக்கைச் சீட்டு எனக்குப் பாதிக் கடிதம் போன்றது.

நடை பழகும் குழந்தை காலை ஊன்ற மறுக்கும்போது கதை வேறு. டிபியாவில் சுற்றிச் செல்லும் மயிரிழை முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலேயே போகலாம்; பத்துப் பதினான்கு நாட்கள் கழித்து எலும்பின் ஓரமாகப் புதிய எலும்புப் படலம் வெண்கோடாகத் தெரியும்போதுதான் உறுதியாகும். பக்கவாட்டுப் படத்தின் அடி ஓரத்தையும் விட்டுவிடக் கூடாது. ஐந்தாம் பாத எலும்பின் அடியில் எலும்பின் நீளவாக்கில் ஓடும் கோடு வளர்ச்சிக்குரியது. குறுக்காக ஓடினால் முறிவு. கணுவின் நுனிக்குக் கீழே தனித்து நிற்கும் எலும்புத் துணுக்கு உருண்டு வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் கூடுதல் எலும்பே.

தட்டில் அடிபட்டவர்களைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் படமெடுக்கச் சொல்வேன். வளர்ச்சி சற்று நின்று தொடர்ந்ததன் அடையாளமாக டிபியாவுக்குள் ஒரு மெல்லிய வெண்கோடு தெரியும். அது தட்டுக்கு இணையாக விலகிச் சென்றிருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் சரிந்து தட்டைத் தொட்டால், அங்கே வளர்ச்சி தடைபட்டுக் கால் கோணுகிறது என்று பொருள். அன்றே எலும்பு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிடுவேன்.